அம்மாச்சியும் புரூஸ் லீயும் நாங்களும்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

உடற்பயிற்சியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லோரும் சுவர், சித்திரம் என்றுதான் தொடங்குவார்கள். நாங்கள் அப்படித் தொடங்கப் போவதில்லை. எங்கள் கதை சுவரில் தொடங்கவில்லை, தரையில் தொடங்கியது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே உள்ள மூன்றடி அகலத் தரையில்.

நாங்கள் ஐவர். ஒரே வகுப்பு, ஒரே வரிசை. எழுதுவது ஒரு கை. சொல்வது ஐந்து வாய். ஆகையால் இந்தக் கட்டுரையில் 'நான்' என்று யாரும் கிடையாது.

சென்ற ஆண்டு ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை. எங்களுள் ஒருத்தி முதல் மணி அடித்த பின்பும் வரவில்லை. இரண்டாம் பாடவேளையில் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. என்ன என்று கேட்டால் பதில் இல்லை. இடைவேளையில் குழாயடியில் நின்று அழுதபடியே சொன்னாள்.

அவள் அப்பா வளைகுடாவில் வேலை செய்கிறார். அண்ணன் வெளியூரில் கல்லூரி விடுதியில். அம்மா நர்ஸ்; அன்று இரவு டூட்டி. வீட்டில் அவளும் அம்மாச்சியும் மட்டும். விடியற்காலை நான்கு மணிக்குத் 'தொம்' என்று சத்தம் கேட்டு ஓடினால், அம்மாச்சி கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே விழுந்து கிடக்கிறார்கள். இவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்திருக்கிறாள். அம்மாச்சி எடை அறுபது கிலோ. இவள் எடை முப்பத்தெட்டு. இழுத்த இழுப்பில் அம்மாச்சி "ஐயோ, தோளு போச்சு" என்று கதறிவிட்டார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்றதற்கு, "ஊரைக் கூட்டாத புள்ள, ஒங்கம்மா வரட்டும்" என்றார்களாம். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. தலையணையும் போர்வையும் எடுத்து வந்து, அம்மாச்சியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருக்கிறாள், அம்மா வரும்வரை. மூன்றரை மணி நேரம்.

"நீங்க அஞ்சு பேரும் வந்திருந்தாக்கூட நம்மால தூக்கியிருக்க முடியாதுடி" என்று அவள் முடித்தாள். எங்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுக்க முடியவில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் கயிறு இழுக்கும் போட்டியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தோற்று, மண்ணில் உருண்டு எழுந்திருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை அம்மாச்சியைப் பார்க்கப் போனோம். நல்ல வேளையாக எலும்பு ஒன்றும் முறியவில்லை. தோளில் மட்டும் வலி. (அது விழுந்ததால் வந்த வலி அல்ல, பேத்தி இழுத்ததால் வந்த வலி என்பதை அம்மாச்சியே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். பேத்தி சிரிக்கவில்லை.) அண்ணனுடைய அறைச் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. சட்டையில்லாத ஒரு மனிதர், கயிறு கயிறாக முறுக்கேறிய உடம்பு, கண்ணில் ஒரு பார்வை. புரூஸ் லீ.

"இவரு எவ்வளவு எடை இருப்பாரு?" என்று எங்களுள் கண்ணாடி போட்டவள் கேட்டாள். அண்ணனின் அலமாரியில் அவரைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. புரட்டிப் பார்த்தோம். உயரம் ஐந்தேமுக்கால் அடிக்கும் குறைவு. எடை பெரும்பாலும் அறுபது கிலோவை ஒட்டியே! அதாவது, உலகையே அசத்திய அந்த வீரரும் எங்கள் அம்மாச்சியும் ஒரே எடை. அன்றைக்கு அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தோம். பெரிய உடம்பு இல்லாமலே பெரிய பலம் உண்டாகும் என்றால், நமக்கு ஏன் உண்டாகக் கூடாது?

பள்ளிக்குச் செல்பேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி. ஆகையால் அவள் அந்தப் புத்தகத்திலிருந்து தினமும் இரண்டு பக்கம் நோட்டில் எழுதிக்கொண்டு வருவாள். சாப்பாட்டு நேரத்தில் படிப்போம். அப்படி நாங்கள் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம், கேளுங்கள்.

புரூஸ் லீ 1940 நவம்பர் 27 அன்று அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனர் குடியிருப்பில் பிறந்தவர். தந்தை காண்டனீஸ் இசை நாடக நடிகர். வளர்ந்தது ஹாங்காங்கில். குழந்தையிலேயே சினிமாவில் நடித்தார். இப் மேன் என்னும் ஆசானிடம் விங் சுன் என்ற தற்காப்புக் கலையைக் கற்றார். 1958இல் ஹாங்காங்கில் சா-சா நடனப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார் என்று படித்தபோது, ஆண்டு விழா நடனத்தில் கடைசி வரிசையில் நிற்கும் எங்களுக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டாயிற்று. 1959இல் அமெரிக்காவுக்குத் திரும்பினார். சியாட்டில் நகரில் ஓர் உணவு விடுதியில் வேலை செய்துகொண்டே படித்தார். அவருக்குக் கிட்டப்பார்வை; கண்ணாடி இல்லாமல் தூரத்தில் உள்ளது தெரியாது. இதைப் படித்த அன்று எங்கள் கண்ணாடிக்காரி தலைநிமிர்ந்து நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

1964இல் கலிபோர்னியாவில் லாங் பீச் என்ற இடத்தில் நடந்த கராத்தேப் போட்டி விழாவில், ஒரு கையின் இரண்டே விரல்களை, அதாவது கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் ஊன்றி அவர் தண்டால் எடுத்துக் காட்டினார். ஓர் அங்குல தூரத்திலிருந்து விட்ட குத்தில் எதிரில் நின்றவரைப் பின்னால் தள்ளினார். இதையெல்லாம் விட எங்களுக்குப் பிடித்தது அதே ஆண்டில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி. ஓக்லாந்து நகரில் வோங் ஜாக் மேன் என்பவருடன் அவருக்கு ஒரு சண்டை நடந்தது. யார் வென்றார், எப்படி வென்றார் என்பதை இரு தரப்பாரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். புரூஸ் லீயின் மனைவி லிண்டா எழுதியிருப்பதன்படி, சுமார் மூன்று நிமிடத்தில் புரூஸ் லீ வென்றுவிட்டார். ஆனால் வென்றவர் மகிழவில்லை. மூச்சு வாங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார். வித்தை இருக்கிறது, உடம்பில் தாக்குப் பிடிக்கும் சக்தி போதவில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்துதான் ஓட்டம், கயிறு தாண்டுதல், சைக்கிள், எடை தூக்குதல் என்று தீவிரமாக இறங்கினார்.

எடைப் பயிற்சியில் அவருக்குத் துணை நின்றவர் ஜேம்ஸ் யிம் லீ. வெல்டர் வேலை பார்த்தவர். கைப்பிடிக்கு வலுவூட்டும் இரும்புக் கருவிகளைச் செய்து கொடுத்தவர் ஜார்ஜ் லீ என்ற நண்பர். ஓடும்போது ஒரே சீராக ஓடாமல், வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி ஓடுவார். அசைக்க முடியாத இரும்புக் கம்பியைச் சில வினாடிகள் முழுப் பலத்துடன் தள்ளிக்கொண்டு நிற்பார். கம்பி அசையாது, தசை மட்டும் உழைக்கும். எல்லாவற்றையும் எழுதி வைப்பார். அந்தக் குறிப்புகளை ஜான் லிட்டில் என்பவர் தொகுத்து 1998இல் வெளியிட்டார். அதில் 1965 மே மாதக் குறிப்பு ஒன்று இருக்கிறது. 95 பவுண்டு எடையைத் தோளில் வைத்துக்கொண்டு, பத்துப் பத்தாக மூன்று முறை உட்கார்ந்து எழுவது. 95 பவுண்டு என்றால் சுமார் 43 கிலோ. "இவ்வளவுதானா?" என்றாள் எங்கள் விடுதிக்காரி. நூறு கிலோ, இருநூறு கிலோ என்று எதிர்பார்த்தவளுக்கு ஏமாற்றம்.

அந்த 'இவ்வளவுதானா'வுக்குப் பின்னால் நாங்கள் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறோம்.

ஆகஸ்டு முதல் திங்கட்கிழமை தொடங்கினோம். மாலை நான்கே கால் மணி, கலையரங்கத்தின் பின்னால் வேப்ப மரத்தடி. முதல் வேலையாக, ஆளுக்கு எத்தனை தண்டால் எடுக்க முடியும் என்று சோதித்தோம். நோட்டில் பதிந்த கணக்கு இதோ: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். இரண்டு விரல் எங்கே, பத்து விரலும் ஊன்றியே ஒருத்தியாலும் எழ முடியவில்லை. வயிறு தரையில் ஒட்டிக்கொண்டது. கீழே படுத்தபடியே சிரித்ததில் பத்து நிமிடம் போயிற்று.

பிறகு சுவரைப் பிடித்தோம். சுவரிலிருந்து ஒரு எட்டுத் தள்ளி நின்று, கையை ஊன்றி, சாய்ந்து நிமிர்வது. அது எல்லோராலும் முடிந்தது. உட்கார்ந்து எழும் பஸ்கி பத்து. பழைய துண்டை மிதித்துக்கொண்டு அதன் இரு முனையையும் மேல்நோக்கிப் பத்து வினாடி இழுப்பது. இது புரூஸ் லீயின் அசையாத கம்பிக்குப் பதில் எங்கள் ஏற்பாடு. கடைசியில் மைதானத்தைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டம், ஒரு சுற்று நடை.

மூன்றாம் நாள், ஐவரும் வரிசையாக நின்று பஸ்கி எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வழியாக வந்த சிஸ்டர் ஒருவர் திடுக்கிட்டு நின்றுவிட்டார்கள்.

"என்ன பிள்ளைகளா, யார் உங்களுக்குத் தோப்புக்கரணம் கொடுத்தது? என்ன தப்புச் செய்தீர்கள்?"

"தண்டனை இல்லை, சிஸ்டர். நாங்களே எடுக்கிறோம்."

சிஸ்டர் நம்பவில்லை. எங்கள் வகுப்பாசிரியையிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் சமாதானம் ஆனார்கள். மறுநாள் தாமாகவே வேப்ப மரத்தடிக்கு வந்து, இது யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரித்தார்கள். புரூஸ் லீ என்றோம். முகம் சற்றுச் சுருங்கியது. அடிதடிப் படம் நடிப்பவரல்லவா என்று கேட்டார்கள். அப்போது எங்கள் கண்ணாடிக்காரிக்குச் சமயத்தில் ஒரு கதை நினைவுக்கு வந்தது. புரூஸ் லீ சிறு வயதில் கற்ற விங் சுன் கலையைப் பற்றிச் சீனர்களிடையே வழங்கும் மரபுக் கதை அது. இங் முய் என்னும் பௌத்தப் பெண் துறவி ஒருவர்தான் அந்தக் கலையை உருவாக்கினாராம். ஒரு முரடன் தன்னை மணந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தியதால் கலங்கி நின்ற யிம் விங் சுன் என்ற இளம் பெண்ணுக்கு அதைக் கற்றுக் கொடுத்தாராம். அவள் முரடனோடு மோதி வென்றாளாம். அவள் பெயரே கலைக்குப் பெயராயிற்றாம். வரலாறு என்று இதைச் சொல்ல முடியாது, கதைதான்.

சிஸ்டர் கதையை முழுவதும் கேட்டார்கள். "கன்னியாஸ்திரீ மாதிரி ஒருத்தர்தான் ஆரம்பித்தாரா?" என்றார்கள். பிறகு, "சரி, ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்ததை நாங்கள் பார்த்துவிட்டோம்.

மூன்று வாரத்தில் சுவரை விட்டு பெஞ்சுக்கு மாறினோம். பெஞ்சின் விளிம்பில் கை ஊன்றி எட்டுத் தண்டால் வந்தது. எங்களுக்கே வியப்பு. கையைத் தொட்டுப் பார்த்தால் பழைய முருங்கைக்காய்தான். பலம் மட்டும் எங்கிருந்து வந்தது? எங்கள் விஞ்ஞான ஆசிரியை விளக்கினார். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் தசை பெருப்பதால் வருவது அல்லவாம். இருக்கிற தசை நார்களை ஒன்றுசேர்த்து வேலை வாங்க நரம்புகள் பழகிக்கொள்கின்றனவாம். தசை வளர்வது அதற்குப் பிறகு, மெதுவாக. எலும்புக்கும் இதனால் நன்மை உண்டு; வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய எலும்பு உறுதியில் பெரும் பகுதியைப் பெண் பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குள் சேர்த்துக்கொள்கிறார்களாம். "உன் அம்மாச்சி வயதில் செலவழிக்க இப்போதே சேமித்து வை" என்று ஆசிரியை சொன்னபோது, ஒருத்தி மட்டும் கவனமாகத் தலையாட்டினாள். அவள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வருவது எங்களுக்குப் பெருமை தராத பகுதி. இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் வாதாடினோம். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய் என்று விடுதிக்காரியே சொன்னதால் எழுதுகிறோம்.

செப்டம்பர் மாதம். புத்தகத்தில் ஒரு பயிற்சியின் விவரம் இருந்தது. எடையைத் தோளின் பின்புறம் வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிர்வது. விடுதிக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. துண்டும் பெஞ்சும் எத்தனை நாளைக்கு? விடுதிச் சாமான் அறையில் அரிசிச் சிப்பங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் 25 கிலோ. ஒரு சனிக்கிழமை மாலை, சமையல்காரர் வெளியே போன நேரம் பார்த்து உள்ளே புகுந்தோம். நாங்கள் நால்வரும் சேர்ந்துதான் சிப்பத்தைத் தூக்கி அவள் தோளில் வைத்தோம். நாங்கள்தான் எண்ணினோம். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது தடவை குனிந்தவள் நிமிரவில்லை. "ஆ" என்ற ஒரு சத்தம். சிப்பம் சரிந்து கிழிந்து அரிசி கொட்டியது. அவள் முகம் வெளுத்து, அப்படியே முழந்தாளிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அரிசியை அள்ளினோம். சிப்பத்தை மறைத்தோம். அவளைக் கைத்தாங்கலாகப் படுக்கையில் சேர்த்தோம். விடுதிப் பொறுப்பிலிருந்த சிஸ்டர் வந்து கேட்டதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள்" என்றோம். ஐந்து பேரும் ஒரே குரலில். அப்போது அது சின்னப் பொய்யாகத்தான் தோன்றியது.

மருத்துவர் வந்து பார்த்தார். தசைப் பிடிப்புதான், நரம்பில் பாதிப்பு இல்லை, பத்து நாள் ஓய்வு என்றார். நாங்கள் பெருமூச்சு விட்டோம். மறுநாள் காலை குளியலறைப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. தரையைச் சரியாகத் துடைக்காமல் தண்ணீரை விட்டுவிட்டதாக, குளியலறை கழுவும் ஆயா அக்காவைச் சிஸ்டர் கண்டித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா, "இல்லங்க சிஸ்டர், நான் துடைச்சுட்டுத்தான் போனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, காய்ந்து கிடந்த தரையை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

நாங்கள் அதைப் பார்த்தோம். பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனோம். அன்று முழுவதும் யாரும் யாரோடும் பேசவில்லை. மாலை வேப்ப மரத்தடிக்கும் போகவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் படுக்கையிலிருந்து விடுதிக்காரி சொல்லி அனுப்பினாள்: "நீங்கள் சொல்கிறீர்களா, நான் தவழ்ந்தாவது போய்ச் சொல்லட்டுமா?"

போய்ச் சொன்னோம். சிஸ்டர் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனோம். அவர்கள் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. "என்னிடம் சொன்னது போதாது, வாருங்கள்" என்று எழுந்தார்கள். ஆயா அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எங்கள் முன்னிலையிலேயே முதலில் சிஸ்டர், "உன் பேச்சை நான் கேட்டிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்" என்று சொன்னார்கள். அதைக் கேட்டபோது எங்களுக்கு உண்டான வெட்கம் திட்டு வாங்கியிருந்தால் உண்டாகியிருக்காது. பிறகு நாங்கள். எங்களுக்குப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "மூட்டையத் தோள்ள வச்சா குனிவாங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

அன்று மாலை சாமான் அறையில், சிஸ்டர் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா எங்களுக்கு மூட்டை தூக்கிக் காட்டினார். காலை அகட்டி மூட்டைக்கு நெருக்கமாக நின்றார். முதுகை வளைக்காமல் முழங்காலையும் இடுப்பையும் மடித்துத் தாழ்ந்தார். மூட்டையை வயிற்றோடு சேர்த்து அணைத்தார். மூச்சைப் பிடித்து, காலால் எழுந்தார். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைத் திருகாமல் காலையே மாற்றி வைத்தார். எங்கள் நால்வர் தூக்கிய சிப்பம்! அக்கா எங்களைவிட உயரம் குறைவு. இருபது வருடமாகத் தினமும் இரண்டு கையிலும் வாளி தூக்குகிறார். அவருக்கு யாரும் படம் ஒட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் புத்தகத்தில் நாங்கள் தாவிச் சென்ற பக்கங்களைத் திரும்பிப் படித்தோம். தோழியரே, கேளுங்கள். 1970இல், அதே குனிந்து நிமிரும் பயிற்சியைத்தான் புரூஸ் லீயும் செய்தார். 135 பவுண்டு, அதாவது சுமார் 61 கிலோ. ஏறக்குறைய அவர் எடையளவு. அன்றைக்கு உடம்பைச் சூடுபடுத்திக்கொள்ளாமல் தொடங்கியிருக்கிறார். முதுகில் நரம்பு பாதித்துவிட்டது. இனி உதைக்கவே முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பல மாதம் ஓய்வு. அந்த நாட்களில் படித்தார், எழுதினார். அந்தக் குறிப்புகள்தான் அவர் காலமான பின் 1975இல் புத்தகமாக வந்து புகழ் பெற்றன. ஒரு முகவரி அட்டையின் பின்புறத்தில், தொடர்ந்து நடக்கும்படி தமக்குத் தாமே ஒரு கட்டளை எழுதிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டாராம். மெல்ல எழுந்தார். அவரை உலகமே அறியச் செய்த படங்களெல்லாம், 1971இன் 'தி பிக் பாஸ்' தொடங்கி 'என்டர் தி டிராகன்' வரை, அந்த முதுகோடு நடித்தவைதான். வலி முழுவதும் நீங்கவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

இத்தனையும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. நாங்கள் படித்தது படம் இருந்த பக்கங்களை மட்டும்.

புதிய ஒழுங்கு பிறந்தது. திங்கள், புதன், வெள்ளி மட்டும். இடைப்பட்ட நாட்களில் தசைக்கு ஓய்வு. முதலில் ஐந்து நிமிடம் கயிறு தாண்டி உடம்பைச் சூடுபடுத்த வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு வாரம் கொஞ்சம்தான் கூட்டலாம். தோளில் எதையும் ஏற்றக் கூடாது. அதற்குப் பதில் வாளி. இரண்டு கையிலும் பாதி வாளித் தண்ணீரோடு குழாயிலிருந்து பூச்செடிகள் வரை நேராக நிமிர்ந்து நடப்பது, பிறகு முக்கால் வாளி, பிறகு முழு வாளி. இதில் பள்ளித் தோட்டம் செழித்தது உபரி லாபம். ஆயா அக்கா சில நாள் வந்து நின்று, "தோளத் தூக்காத, கீழ விடு" என்று திருத்துவார். விடுதிக்காரி நவம்பரில் சேர்ந்துகொண்டாள், சுவரிலிருந்து மறுபடியும்.

இடையில் ஒரு தடங்கல். எங்களுள் ஒருத்தியின் தந்தை தலைமையாசிரியைச் சிஸ்டரைப் பார்க்க வந்தார். பெண் பிள்ளைக்குத் தோள் அகன்று ஆண் பிள்ளை மாதிரி ஆகிவிடும், நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்பது அவர் கவலை. சிஸ்டர் அவரை உட்கார வைத்து, உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரையை எடுத்துக் காட்டினார்கள். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் உழைப்பும், அதில் வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும். ஆண், பெண் என்ற பேதம் அதில் இல்லை. அவர் முகம் மாறவில்லை. அப்போது சிஸ்டர், "உங்கள் வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவது யார்?" என்று கேட்டார்களாம். சிறிது நேரம் கழித்து, "அவ அம்மாதான்" என்றாராம். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் வரை செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மனம் மாறிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த வீட்டில் இப்போது குடத்தை மகளும் தூக்குகிறாள்.

இன்னொரு நாள், புரூஸ் லீ 1973 ஜூலை 20 அன்று மூளை வீக்கத்தால் இறந்தார், வயது முப்பத்திரண்டுதான் என்ற பக்கம் வந்தது. அன்று பயிற்சி நடக்கவில்லை. "இவ்வளவு செய்தும் முப்பத்திரண்டுதானே, அப்புறம் எதற்கு?" என்று ஒருத்தி கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை வந்ததும் மறுபடி வேப்ப மரத்தடிக்குப் போனோம்.

டிசம்பர் மாதக் கணக்கு, தரையில் முழுத் தண்டால்: ஏழு, நான்கு, நான்கு, இரண்டு, பூஜ்யம். பூஜ்யம் கண்ணாடிக்காரியுடையது. பெஞ்சில் அவள் பதினைந்து எடுக்கிறாள். தரையில் இன்னும் வரவில்லை. அதையும் உள்ளபடியே எழுதச் சொன்னாள்.

இப்போது மறுபடியும் அம்மாச்சி. இவள் பலம் சேர்த்ததைப் பார்த்த அவள் அம்மா ஒரு நாள், "பலம் இருந்தாலும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, இங்கே வா" என்று, கீழே விழுந்தவரை எழுப்பும் முறையைக் கற்றுக் கொடுத்தார். நர்ஸ் அல்லவா! எங்களுக்கும் சொன்னார். முதலில் எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். தலையிலோ இடுப்பிலோ அடி, கடும் வலி என்றால் அசைக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். யார் தடுத்தாலும். ஒன்றுமில்லை என்றால் பக்கவாட்டில் புரளச் சொல்லி, பிறகு கையும் முழங்காலும் ஊன்றச் செய்து, எதிரே ஒரு நாற்காலி வைக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி எழுந்ததும், பின்னால் இன்னொரு நாற்காலியை நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். நாம் தூக்குவதில்லை, அவர்கள் எழுவதற்குத் துணை நிற்கிறோம்.

ஜனவரி மாதம் ஒரு இரவு, அம்மா டூட்டியில் இருக்கும்போது, அம்மாச்சி கட்டில் விளிம்பிலிருந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வலி எங்கும் இல்லை. இவள் நாற்காலிகளைக் கொண்டு வந்தாள். அம்மாச்சிக்கு எழும்போது இடது கால் நடுங்கியது. பாரம் முழுவதும் இவள் தோளில் சாய்ந்தது. இவள் முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, பாதி பஸ்கியில் அப்படியே நின்றாளாம். எவ்வளவு நேரம் என்று கேட்டோம். துண்டு இழுக்கும்போது எண்ணுவதைப் போல எண்ணினாளாம், பதினான்கு. அதற்குள் நாற்காலி வந்து சேர்ந்தது. கடிகாரத்தைப் பார்த்தால், மொத்தம் பதினொரு நிமிடம்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய அம்மாச்சி சொன்னார்களாம்: "ஒங்க அண்ணன் ரூமுல இருக்கானே அந்தத் தம்பி, அவன் எனக்கும் ஏதாச்சும் சொல்லியிருக்கானா?"

அவர் சொல்லவில்லை. இவள் அம்மா சொன்னார். உறுதியான நாற்காலியில், சுவரோரமாக, கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சி. வயதானவர்களின் கால் பலத்துக்கு அது நல்லதாம். பஸ்கியேதான், நாற்காலி வைத்த பஸ்கி. இப்போது எங்கள் நோட்டில் ஐந்து பெயருக்குக் கீழே ஆறாவதாக ஒரு வரி போட்டிருக்கிறோம். சென்ற வெள்ளிக்கிழமையின் பதிவு இது:

அம்மாச்சி, நாற்காலி: 6. (ஏழாவதற்கு மறுத்துவிட்டார்கள். காப்பி ஆறிவிடுமாம்.)